ஸ்பெயின் நீண்டகால விசாவுக்கு மருத்துவக் காப்பீடு: பிலிப்பைன்ஸ் விண்ணப்பதாரர்களுக்கான முழு வழிகாட்டி

ஸ்பெயினுக்குக் குடிபெயரும் பிலிப்பினோ குடும்பங்களின் விசாக் கோப்புகளை மணிலாவை ஒட்டிய மக்காத்தியில் உட்கார்ந்து அடுக்கிக் கொடுப்பது என் வேலை. வங்கிக் கணக்குக்கும் போலீஸ் சான்றுக்கும் எல்லோரும் பயப்படுகிறார்கள். பயப்படுவதாலேயே ஆறு மாதம் முன்பே ஓடத் தொடங்கிவிடுகிறார்கள். காப்பீட்டுக்கு மட்டும் யாரும் பயப்படுவதில்லை. முதல் நாள் இரவு இணையத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். குறை சொல்லித் திரும்பி வரும் கோப்புகளில் நான் அதிகம் பார்ப்பது அந்தத் தாளைத்தான்.

சொந்தப் பணத்தை வைத்துக்கொண்டு, ஸ்பெயினில் வேலை பார்க்காமல் வசிப்பதற்கான ‘நோ லுக்ரதீவா’ விசாவை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். மாணவர் விசாவுக்கும் பெரும்பகுதி பொருந்தும். வரிசையைக் கலைக்க வேண்டாம். விசாரிப்பதை மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள், பணம் கட்டுவதைக் கடைசி இரண்டு மூன்று வாரத்துக்குத் தள்ளுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்து பணத்தையும் நாளையும் இழக்கிறார்கள்.

## 1. எந்த விசாவுக்கு எந்தக் காப்பீடு என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

லண்டனில் இருக்கும் தங்கை சொன்னது, மெல்போர்னில் இருக்கும் அண்ணன் சொன்னது எல்லாம் இங்கே உதவாது. பிரிட்டன் நீண்டகால விசாவுக்குத் தனியார் காப்பீடு கேட்பதில்லை. ஆண்டுக்கு 1,035 பவுண்டு சுகாதாரக் கட்டணமாக விசாவோடு சேர்த்து வாங்கிக்கொள்கிறது, மாணவர்களுக்கு 776. ஆஸ்திரேலியா மாணவர்களிடம் அந்நாட்டு மாணவர் காப்பீட்டைத் தங்கும் காலம் முழுவதற்கும் கேட்கிறது. பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கான கனடாவின் சூப்பர் விசாவுக்குக் குறைந்தது ஓராண்டுக்கு ஒரு லட்சம் கனடா டாலர் பாதுகாப்பு வேண்டும்.

ஸ்பெயினுக்கே இரண்டு கணக்கு உண்டு. 90 நாளுக்குள் போய்த் திரும்பும் ஷெங்கன் சுற்றுலா விசாவுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாத பயணக் காப்பீடு போதும். வசிக்கப் போகிறவருக்கு அது செல்லாது. ஸ்பெயின் அரசு தன் மக்களுக்குத் தரும் பொது மருத்துவம் எதையெல்லாம் கவனிக்கிறதோ அதற்கு நிகரான முழுப் பாதுகாப்பு வேண்டும். தருகிற நிறுவனமும் ஸ்பெயினில் தொழில் செய்ய அனுமதி பெற்றதாக இருக்க வேண்டும்.

காரணம் எளிது. சுற்றுலாப் பயணிக்குக் கால் உடைந்தால் கட்டுப்போட்டு விமானம் ஏற்றிவிடலாம். அங்கேயே குடியிருப்பவருக்குச் சர்க்கரைக்கு மாத்திரை, கண்புரைக்கு அறுவை, ஆண்டுப் பரிசோதனை என்று எல்லாம் வரும். அந்தச் செலவு அரசின் தலையில் விழக்கூடாது என்பதுதான் விதியின் நோக்கம். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் நிபந்தனைகள் எல்லாம் தாமாகவே புரியும்.

## 2. கையில் இருக்கும் அட்டைகளை ஒதுக்கிவையுங்கள்

பில்ஹெல்த் எல்லோரிடமும் இருக்கிறது. அது பிலிப்பைன்ஸின் அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஸ்பெயின் விசாக் கோப்பில் அதற்கு இடமில்லை.

அலுவலகம் கொடுத்த எச்.எம்.ஓ. எனும் தனியார் மருத்துவத் திட்ட அட்டையை நீட்டுகிறவர்கள்தான் அதிகம். அதில் ஒரு நோய்க்கு இவ்வளவு பெசோ என்று உச்சவரம்பு போட்டிருக்கும், மருத்துவமனைப் பட்டியலும் உள்நாட்டோடு நின்றுவிடும். வேலையை விட்டுத்தான் ‘நோ லுக்ரதீவா’வுக்குப் போக வேண்டும், விட்ட அன்றே அந்த அட்டையும் போய்விடும் என்பது தனிக் கதை.

வளைகுடாவிலோ ஹாங்காங்கிலோ வேலை பார்த்துத் திரும்பியவர்கள் ஏஜென்சி எடுத்துக் கொடுத்த கட்டாயக் காப்பீட்டுத் தாளைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். 2010இல் வந்த 10022ஆம் எண் குடியரசுச் சட்டப்படி எடுக்கப்பட்டது அது. விபத்தில் இறந்தால் 15,000 டாலர், இயற்கை மரணத்துக்கு 10,000, நிரந்தர முழு ஊனத்துக்கு 7,500, திருப்பி அழைத்துவரும் செலவு என்று போகும். ஆள் செத்தாலோ முடமானாலோ வீட்டாருக்கு உதவும் காப்பீடு அது. காய்ச்சலுக்கு மருத்துவரைப் பார்க்க உதவாது.

## 3. நிறுவனத்திடம் விலை கேட்கும் முன் தயாராக வேண்டியவை

பாஸ்போர்ட் குறைந்தது ஓராண்டுக்குச் செல்ல வேண்டும். முடியப்போகிறது என்றால் முதலில் அதைப் புதுப்பியுங்கள். ஸ்பெயினில் உங்களுக்கு அடையாள எண் கிடைக்கும்வரை பாலிசி பாஸ்போர்ட் எண்ணின் மேல்தான் நிற்கும். பழைய எண்ணில் பாலிசி, புதிய எண்ணில் விண்ணப்பம் என்றால் அவை இரண்டும் ஒரே ஆளுடையவை என்று நிரூபிக்கும் வேலை உங்கள் தலையில் விழும்.

ஸ்பெயினில் ஒரு முகவரி வேண்டும். வாடகை ஒப்பந்தம் இல்லாவிட்டால் முதலில் தங்கப்போகும் உறவினர் வீடு போதும். எந்த மாகாணம் என்பதைப் பொறுத்துப் பிரீமியமும் மருத்துவமனைப் பட்டியலும் மாறும்.

பிறகு, உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியல். பெயர், மில்லிகிராம், எந்த ஆண்டிலிருந்து என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இது எதற்கு என்பது ஐந்தாம் படியில் தெரியும்.

## 4. பெயரை எழுதும் முறையை முடிவுசெய்யுங்கள்

அற்பமாகத் தெரியும். நான் அதிக நேரம் செலவிடுவது இங்கேதான்.

பிலிப்பினோ பெயரில் மூன்று பகுதிகள் உண்டு: இட்ட பெயர், நடுப்பெயர், குடும்பப் பெயர். நடுப்பெயர் என்பது தாயின் கன்னிக் குடும்பப் பெயர். ஸ்பெயின் படிவத்தில் நடுப்பெயர் என்ற கட்டமே கிடையாது. ‘முதல் குடும்பப் பெயர்’, ‘இரண்டாம் குடும்பப் பெயர்’ என்று இரண்டு இருக்கும். ஸ்பானியர்களுக்கு முதலாவது தந்தை வழி, இரண்டாவது தாய் வழி. ஆக, பிலிப்பினோ நடுப்பெயர் போய் உட்கார வேண்டிய இடம் இரண்டாவது கட்டம்.

நடப்பது வேறு. மரியா சாந்தோஸ் ரெயெஸ் என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர் தன் பெயரை இருந்த வரிசையிலேயே படிவத்தில் நிரப்புவார். முதல் குடும்பப் பெயர் சாந்தோஸ், இரண்டாவது ரெயெஸ் என்று பாலிசி வரும். ஸ்பெயின் கண்ணுக்கு அவர் திருமதி சாந்தோஸ், பாஸ்போர்ட்டில் அவர் ரெயெஸ். கோப்பு அங்கேயே நின்றுவிடும். நம் இனிஷியலை விரித்து எழுதச் சொல்லி, தந்தையின் பெயரால் நம்மைக் கூப்பிடும் வெளிநாட்டுப் படிவங்களை நிரப்பியவர்களுக்கு இந்தத் தலைவலி புதிதாக இருக்காது.

திருமணமான பெண்களுக்கு இன்னொரு சுற்று. கணவரின் குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டால், கன்னிக் குடும்பப் பெயர் நடுப்பெயராக இறங்கிவிடும், தாயின் பெயர் காணாமல் போகும். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று என்று நிற்கும். பாலிசியில் எப்போதும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே போடுங்கள். வித்தியாசத்தைத் திருமணச் சான்றிதழ் விளக்கிக்கொள்ளும்.

பெயரின் வாலில் தொங்கும் ‘ஜூனியர்’, ‘மூன்றாமவர்’ போன்றவற்றை இட்ட பெயரோடு சேர்த்துவிடச் சொல்லுங்கள். தனியாக விட்டால் காப்பீட்டு நிறுவனத்தின் கணினி அதை விழுங்கிவிடும், சில சமயம் குடும்பப் பெயராகவே ஆக்கிவிடும்.

பிறந்த தேதியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பிலிப்பைன்ஸில் மாதத்தை முதலில் எழுதுகிறார்கள், ஸ்பெயினில் நாளை. 04/09/1961 என்று எழுதி ஏப்ரல் 9 என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அவர்கள் செப்டம்பர் 4 என்று பதிந்திருப்பார்கள். நாள் 12ஐத் தாண்டினால்தான் தவறு கண்ணில் படும். மாதத்தை எழுத்தால் எழுதிவிடுங்கள்.

## 5. நோய் விவரப் படிவத்தை நேர்மையாக நிரப்புங்கள்

சென்ற ஆண்டு 66 வயது அம்மாள் ஒருவர் வந்தார். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் ‘தீத்தா’, அதாவது அத்தை. படிவத்தில் ‘ஏதாவது நோய் உண்டா’ என்ற வரிசை முழுவதிலும் ‘இல்லை’ என்று போட்டிருந்தார்.

“தீத்தா, மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா?”

“நோய் ஒன்றும் இல்லையப்பா. மெயின்டெனன்ஸ் மட்டும்தான்.”

கைப்பையைத் திறந்து ஏழு கட்டம் போட்ட பிளாஸ்டிக் டப்பாவை மேசைமேல் வைத்தார். ரத்த அழுத்தத்துக்கு லொசார்டான், கொழுப்புக்கு ஒன்று, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின். பதினோரு ஆண்டுகளாக.

அவர் பொய் சொல்லவில்லை. தினமும் விழுங்கும் நீண்டகால மாத்திரைகளைப் பிலிப்பைன்ஸில் ‘மெயின்டெனன்ஸ்’ என்றுதான் சொல்வார்கள். வண்டிக்கு எண்ணெய் போடுவதுபோல. நோய் என்ற சொல் படுத்துக்கிடப்பவர்களுக்கு. ஸ்பெயினின் காப்பீட்டு ஒப்பந்தச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 1980ஆம் ஆண்டின் 50ஆம் எண் சட்டம், பத்தாவது பிரிவு: படிவம் கேட்கும் கேள்விகளுக்கு, அபாயத்தை எடைபோட உதவும் வகையில் தெரிந்ததை எல்லாம் சொல்ல வேண்டும். வேண்டுமென்றே மறைத்தாலோ பெரும் அலட்சியம் காட்டினாலோ நிறுவனம் பணம் தர வேண்டியதில்லை.

உண்மையைச் சொன்னால் மூன்றில் ஒன்று நடக்கும். அப்படியே ஏற்பார்கள், குறிப்பிட்ட நோயை விலக்கிவைத்து ஏற்பார்கள், அல்லது மறுப்பார்கள். மறுத்தால் அடுத்த நிறுவனத்துக்குப் போக நாள் வேண்டும். மூன்று மாதம் முன்பே விசாரிக்கச் சொல்வது இதற்காகத்தான். எழுபதை ஒட்டியோ தாண்டியோ இருப்பவர்களைப் புதிதாகச் சேர்க்கப் பல நிறுவனங்கள் தயங்கும். முதல் மின்னஞ்சலிலேயே வயதைச் சொல்லிவிடுங்கள்.

விலக்கிவைத்து ஏற்றால் உடனே சம்மதித்துவிட வேண்டாம். அந்த விலக்கு சான்றிதழிலும் அச்சாகுமா என்று கேளுங்கள். அச்சானால் ‘முழுப் பாதுகாப்பு’ என்ற சொல்லோடு அது மோதும், அதிகாரி கேள்வி கேட்பார். தீத்தாவுக்கு முதல் நிறுவனம் மறுத்தது. இரண்டாவது நிறுவனம் மருத்துவரின் கடிதத்தையும் அண்மைய ரத்தப் பரிசோதனையையும் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு ஏற்றுக்கொண்டது. முழுதாக ஐந்து வாரம் ஆனது.

## 6. நிறுவனத்தின் அனுமதியைச் சரிபாருங்கள்

ஸ்பெயினில் காப்பீட்டு நிறுவனங்களைக் கண்காணிப்பது பொருளாதார அமைச்சகத்தின் கீழுள்ள காப்பீடு, ஓய்வூதிய நிதி இயக்குநரகம். அதன் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். சனிதாஸ், அதெஸ்லாஸ், அசீசா, டி.கே.வி. போன்ற பெயர்களை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். கேள்விப்படாத பெயராக இருந்தால் பதிவேட்டில் தேடாமல் ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள்.

‘உலகம் முழுவதும் செல்லும்’ என்று விற்கப்படும் வெளிநாட்டுவாழ் திட்டங்களில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பாதுகாப்பு உண்மையிலேயே நன்றாக இருக்கும், விலையும் கூடுதலாக இருக்கும். ஆனால் நிறுவனத்துக்கு ஸ்பெயினில் அனுமதி இருக்காது. விலை கூடினால் தரமும் கூடும் என்ற நம்பிக்கை இங்கே காலை வாரும்.

ஸ்பெயின் நிறுவனத்திடமே எடுப்பதில் இன்னொரு வசதியும் உண்டு. சான்றிதழ் ஸ்பானிய மொழியிலேயே வரும், மொழிபெயர்ப்புச் செலவு இல்லை. அங்கே பிறந்த தாள் என்பதால், ஒரு நாட்டின் தாளை இன்னொரு நாடு ஏற்பதற்காகப் போடும் அப்போஸ்டில் முத்திரையும் வேண்டாம். பழைய சான்றொப்ப முறையான ‘ரெட் ரிப்பன்’ போட வேண்டுமா என்று இன்றும் பலர் கேட்கிறார்கள். 2019 மே மாதத்திலிருந்து அந்த இடத்தில் இருப்பது அப்போஸ்டில். அதுவும் பிறப்புச் சான்றிதழ், குற்றப் பின்னணி இல்லை என்று தேசியப் புலனாய்வுத் துறை தரும் என்.பி.ஐ. சான்று போன்ற பிலிப்பைன்ஸ் தாள்களுக்குத்தான்.

## 7. நான்கு கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்

தொலைபேசியில் வேண்டாம். விற்பனையாளர் எல்லாவற்றுக்கும் “ஆமாம்” என்பார்.

முதலாவது ‘கோபாகோ’. ஒவ்வொரு முறை மருத்துவரைப் பார்க்கும்போதும் நோயாளி தன் கையிலிருந்து கட்டும் சிறு தொகை அது. விசாவுக்கு அது இருக்கவே கூடாது. இணையதளத்தில் முதலில் தெரியும் மலிவான திட்டம் பெரும்பாலும் கோபாகோ உள்ளதாகவே இருக்கும், கவனம்.

இரண்டாவது ‘கரென்சியா’, அதாவது காத்திருப்புக் காலம். பாலிசி எடுத்ததிலிருந்து பிரசவத்துக்கு எட்டு மாதம், சில அறுவைகளுக்கு ஆறு மாதம் என்று வழக்கமான திட்டங்களில் இருக்கும். விசாவுக்கு முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு வேண்டும் என்பதால் அதை முழுவதும் நீக்கிய திட்டத்தைக் கேளுங்கள். விசாவுக்கென்றே தனித் திட்டம் பல நிறுவனங்களிடம் உண்டு.

மூன்றாவது ‘ஃபிராங்கிசியா’. முதல் இத்தனை யூரோவை நீங்கள் ஏற்க வேண்டும், மிச்சத்தைத்தான் நிறுவனம் தரும் என்ற ஏற்பாடு. இதுவும் கூடாது. ஆண்டுக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு இருக்கிறதா என்பதையும் இதோடு சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

நான்காவது, விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்ப வருமா, எந்தத் தாளைக் காட்ட வேண்டும், எத்தனை நாளுக்குள்? பல நிறுவனங்கள் மறுப்புக் கடிதத்தைக் காட்டினால் திருப்பித் தருகின்றன. எழுத்தில் இல்லாத வாக்குறுதியை நம்பி ஓராண்டுப் பிரீமியத்தைக் கட்ட வேண்டாம்.

## 8. தொடங்கும் தேதியைத் தள்ளிப்போடுங்கள்

விசா முடிவுக்கு மூன்று மாதம்வரை ஆகலாம். பணம் கட்டிய நாளிலிருந்தே பாலிசி ஓடத் தொடங்கினால், நீங்கள் மத்ரித்தில் இறங்கும்போது அதில் கால்வாசி கரைந்திருக்கும். முதல் வசிப்பு அனுமதி ஓராண்டு. பாலிசியும் அந்த ஆண்டு முழுவதையும் மூட வேண்டும்.

ஆகவே தொடக்கத் தேதியாக, நுழையப்போவதாக விண்ணப்பத்தில் எழுதும் அதே தேதியைப் போடுங்கள். விசா தாமதமானால் அந்தத் தேதியைக் கட்டணமின்றி மாற்றித் தருவார்களா என்று முன்பே கேட்டுவையுங்கள். தாள்களுக்கிடையே தேதி மோதுவது அதிகாரியின் கண்ணில் முதலில் படும்: விமான முன்பதிவு ஜூன் 10, பாலிசி ஜூலை 1 என்றால் இடைப்பட்ட மூன்று வாரத்துக்கு யார் பொறுப்பு?

## 9. ஓராண்டுத் தொகையை ஒரே முறையில் கட்டுங்கள்

மாதத் தவணை வசதியாகத் தெரியும். அதற்கு ஸ்பெயினிலோ யூரோ மண்டலத்திலோ வங்கிக் கணக்கு கேட்பார்கள், உங்களிடம் இருக்காது. உறவினர் கணக்கிலிருந்து தவணை போனால் பாதியில் நிறுத்திவிடலாமே என்ற சந்தேகமும் எழும். ஓராண்டுக்கும் கட்டியாயிற்று என்ற ரசீது அந்தப் பேச்சை முடித்துவிடும்.

கடன் அட்டையில் கட்டுவதானால் முந்தின நாளே வங்கியை அழைத்து, வெளிநாட்டுப் பரிவர்த்தனை வரும் என்று சொல்லி வரம்பை உயர்த்திக்கொள்ளுங்கள். பெசோவில் பார்த்தால் தொகை பெரிது, வங்கி சந்தேகப்பட்டுத் தடுத்துவிடும். நான்கு பேர் குடும்பத்துக்கு ஒரே அட்டையில் தேய்க்கப் போய், இரண்டு பேருக்கு மட்டும் பாலிசி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

## 10. சான்றிதழை வரி வரியாகப் படியுங்கள்

நாற்பது பக்கப் பாலிசியை அதிகாரி படிக்கப்போவதில்லை. ஒரு பக்கச் சான்றிதழைத்தான் படிப்பார். பாலிசியில் இருந்து சான்றிதழில் இல்லாதது அவரைப் பொறுத்தவரை இல்லாததுதான்.

அந்த ஒரு பக்கத்தில் இருக்க வேண்டியவை: பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், பாஸ்போர்ட் எண், தொடக்க, முடிவுத் தேதிகள், ஸ்பெயின் முழுவதும் செல்லும் என்ற வரி, ‘சின் கோபாகோ’, ‘சின் கரென்சியா’ என்ற சொற்கள் வெளிப்படையாக, பொது மருத்துவத்துக்கு நிகரான பாதுகாப்பு என்ற வாசகம், முத்திரையும் கையெழுத்தும். ‘சின்’ என்றால் ‘இல்லாமல்’. ‘கோன்’ என்றிருந்தால் ‘உடன்’. மூன்றெழுத்துச் சொல்லைச் சரியாகப் பார்க்காமல் ‘கோன் கோபாகோ’ சான்றிதழை மகிழ்ச்சியோடு கோப்பில் செருகிய ஆட்கள் உண்டு.

குடும்பமாகப் போனால் ஒரே பாலிசியாக இருந்தாலும் ஆளுக்கொரு சான்றிதழ் கேளுங்கள். விண்ணப்பம் ஆளுக்கு ஒன்றாகத்தான் போகிறது, மகளுடைய கோப்பைப் பார்ப்பவர் அப்பாவுடைய கோப்பைப் புரட்ட மாட்டார்.

## 11. கோப்பில் வைப்பது

சான்றிதழ் மேலே, ரசீது அதன் கீழே, பாலிசியின் நிபந்தனைகள் அதற்கும் கீழே. அசலோடு ஒரு நகல்.

மருத்துவச் சான்றிதழையும் காப்பீட்டுச் சான்றிதழையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பொதுச் சுகாதாரத்தைப் பாதிக்கும் நோய் எதுவும் இல்லை என்று, 2005ஆம் ஆண்டின் சர்வதேசச் சுகாதார ஒழுங்குமுறைகளைச் சுட்டி மருத்துவர் தருவது முன்னது. அது தனித் தாள், சீக்கிரம் காலாவதியாவது. கடைசியில் வாங்குங்கள்.

குறை இருந்தால் திருத்தச் சொல்லி அறிவிப்பு வரும், கெடு பொதுவாகப் பத்து நாள். அந்தப் பத்து நாளில் ஸ்பெயினில் ஒரு விடுமுறை வந்துவிட்டால் காப்பீட்டு நிறுவனத்தில் பதில் சொல்ல ஆள் கிடைக்காது. தொடர்புகொண்ட முகவரின் மின்னஞ்சலை விசா கைக்கு வரும்வரை அழிக்காதீர்கள்.

## 12. இறங்கிய பிறகு

நுழைந்த ஒரு மாதத்துக்குள் போலீஸ் அலுவலகத்தில் வெளிநாட்டவர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அடையாள எண் கிடைத்ததும் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்து, பாஸ்போர்ட் எண் இருந்த இடத்தில் அதைப் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மருத்துவமனைக் கவுண்டரில் நீங்கள் இரண்டு ஆட்களாகத் தெரிவீர்கள்.

பாலிசி தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். வேண்டாம் என்றால் முடியும் தேதிக்கு ஒரு மாதம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் அடுத்த ஆண்டுப் பிரீமியத்துக்கு நீங்கள்தான் கடன்காரர். உள்ளூர் நகராட்சியில் முகவரியைப் பதிந்து ஓராண்டு வசித்தவர்கள், மாதம் 60 யூரோ கட்டிப் பொது மருத்துவத்தில் சேரும் சிறப்பு ஒப்பந்தத்துக்கு விண்ணப்பிக்கலாம். 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 157 யூரோ. முன்பே இருந்த நோய் உள்ளவர்களுக்கு அது தனியார் பாலிசியைவிட நல்லது. ஆனால் அதில் சேர்ந்ததற்கான தாள் கைக்கு வரும் முன் பழைய பாலிசியை நிறுத்தாதீர்கள்.

நிறுத்தினால் வரும் நட்டம் பிலிப்பினோக்களுக்குச் சற்றுக் கூடுதல். மற்றவர்கள் பலருக்குப் பத்து ஆண்டு என்றிருக்கும் குடியுரிமைக் காத்திருப்பு, பிலிப்பைன்ஸ் குடிமக்களுக்கு இரண்டே ஆண்டு. அந்த இரண்டு ஆண்டும் சட்டப்படியானதாக, இடையறாததாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. காப்பீடு அறுந்து வசிப்பு அனுமதியைப் புதுப்பிக்க முடியாமல் போனால் எண்ணிக்கை மறுபடியும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். தீத்தா தன் ரசீதுகளை அந்த மாத்திரை டப்பாவோடு சேர்த்து ஒரே பையில் வைத்திருக்கிறார்.